மழையில் நனையாத கார்

அத்தியாயம் 9

"மேசை டிராயருக்குள்ள கையை வைக்கச் சொன்னாங்கக்கா. அப்புறம் காலால உதைச்சு மூடினாங்க."

லாக்கப் கம்பிக்கு வெளியே முனுசாமி நீட்டிய வலது கையைப் பார்த்தபோது, அது தன் தம்பியின் கை என்றே ஆண்டாளுக்குத் தோன்றவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒடிந்து, கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தகர ஷெட்டில் பழைய வெளிநாட்டுக் கார்களைப் பதினாறு வருஷமாகப் பிரித்து மாட்டிய கை அது. அந்தக் கை இல்லையென்றால் முனுசாமிக்குச் சோறு இல்லை.

"திங்கக்கிழமை காலையில, நான்தான் கொன்னேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். போடலேன்னா இடது கையாம்" என்றான். சிரிக்கப் பார்த்தான். உதடு பிளந்திருந்ததால் முடியவில்லை.

"வலது கையை ஒடிச்சுட்டுக் கையெழுத்து கேக்குறானுங்க பாரு, அறிவாளிங்க" என்றாள் ஆண்டாள். அழுகை முட்டும்போதெல்லாம் அவள் வாயில் கிண்டல்தான் வரும். பிறவிக் குணம், என்ன செய்வது?

அது வெள்ளிக்கிழமை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, 1980 மே மாதம், பகல் பன்னிரண்டு மணி. செத்துப்போனவரின் காரை ஓட்டிக்கொண்டு டயமண்ட் ஹார்பர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள் ஆண்டாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய முதலாளி சிவலிங்கம், முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, கதவைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

சிவலிங்கம் இருபது வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைத் தோண்டியெடுத்தவர். இப்போது லேக் மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். ஆயிரம் கார் விபத்துகளைப் பார்த்த புண்ணியத்தில் கார் ஓட்ட மட்டும் கற்றுக்கொள்ளவே இல்லை.

"ஏ பிள்ள, இது காரா தொட்டிலா? முட்டி வந்து தாடையில இடிக்கி."

"தொட்டில்னா தூங்கலாம் சார். இதுல தூங்கினா ரோட்டுல கிடப்பீங்க."

கரும்பச்சை நிற எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் அது. 1949ஆம் வருஷத்து வண்டி. இரண்டே இருக்கை, இடுப்பளவுக் கதவு, சைக்கிள் சக்கரம் போலக் கம்பிகள் கோத்த சக்கரங்கள். துணிக்கூரை பின்னால் மடிந்து கிடந்தது. பெஹாலாவைத் தாண்டும்வரை தெருப்பிள்ளைகள் கத்திக்கொண்டே கூட ஓடினார்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் ஆண்டாள் ஒரு ராணியைப் போலக் கையசைத்திருப்பாள்.

போன ஞாயிறும் இதே ரோட்டில்தான் இந்தக் கார் போனது. மாதம் ஒரு முறை, பழைய ஆங்கிலேயக் கார் வைத்திருக்கும் நாலு பேர் லேக் கார்டன்ஸிலிருந்து டயமண்ட் ஹார்பர்வரை ஓட்டிப்போய், ஆற்றோரம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது வழக்கம். போன வாரம் மூன்று கார்கள்தான் போய்ச் சேர்ந்தன. நாலாவது ஆள், பேங்க் மேனேஜர் லக்ஷ்மிநாராயணன், ஆம்தலாவைத் தாண்டி ஒரு செங்கல் சூளையோரம் மண்டை பிளந்து கிடந்தார். உதிரிச் சாமான்களோடு ஸ்கூட்டரில் பின்னால் வந்த முனுசாமிதான் முதலில் பார்த்தான். மடையன், பதறிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்திருக்கிறான். பக்கத்தில் கிடந்த சுத்தியலையும் கையில் எடுத்திருக்கிறான். போலீஸ் வந்தபோது அந்தக் கோலத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

சுத்தியல் சாதாரணச் சுத்தியல் இல்லை. இந்த வண்டிகளின் சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான். அதைத் தட்டித்தான் கழற்ற வேண்டும். இரும்பால் தட்டினால் தழும்பு விழும் என்று, செம்புத் தலை வைத்த சுத்தியல் ஒன்று ஒவ்வொரு வண்டியிலும் இருக்கும். லக்ஷ்மிநாராயணன் செத்தது அவர் வண்டிச் சுத்தியலாலேயேதான்.

சூளையோரம் சிவலிங்கம் நிறுத்தச் சொன்னார். சாலையிலிருந்து சரியும் மண்தரை. உடைந்த செங்கல்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. ஒரு வாரம் ஆகியும் ஒரு இடத்தில் மண் கறுத்துக் கட்டிதட்டிப் போயிருந்தது. ஈக்கள் மொய்த்தன.

"எத்தனை அடி சார்?"

"பதினொண்ணுன்னு போஸ்ட்மார்ட்டம் டாக்டர் எழுதியிருக்கார். முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியல. வாட்ச்சை வச்சுத்தான் அவர் பொண்டாட்டி சொல்லிருக்கா." சிவலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். முதலில் வந்த கான்ஸ்டபிள் எழுதிய குறிப்பின் நகல். "கேட்டுக்கோ. பொணத்தைத் தூக்கினப்போ அதுக்கு அடியில மண்ணு காஞ்சு புழுதியா இருந்துச்சாம். சுத்திலும் சகதி. அப்படின்னா?"

"அவர் விழுந்த பிறகுதான் மழை வந்திருக்கு."

"சரி. பத்தடி தள்ளிக் காரு நிக்கி. துணிக்கூரை போட்டு, பித்தான் எல்லாம் பூட்டி, உள்ள சீட்டுல நாலே நாலு சொட்டு. ஆனா மத்த மூணு பேரும் எழுதிக் குடுத்திருக்காங்க, அன்னைக்குக் காலையிலேருந்து இந்தக் காரு கூரை மடிச்சேதான் வந்துச்சுன்னு."

ஆண்டாள் காரைப் பார்த்தாள், அந்தக் கறுத்த மண்ணைப் பார்த்தாள்.

"அப்போ கொன்னவன்தான் கூரையைப் போட்டிருக்கான். ஒரு மனுஷனைப் பதினோரு அடி அடிச்சு மழையில போட்டுட்டு, சீட்டு நனையக் கூடாதுன்னு நின்னு நிதானமா பித்தான் பூட்டியிருக்கான்."

"இந்தக் கார்ப் பைத்தியங்களைத் தவிர வேற எவனும் பண்ண மாட்டான்."

"முனுவும் கார்ப் பைத்தியம்தானே சார்" என்றாள் ஆண்டாள்.

அதுதான் சிக்கல். பெட்ரோல் விலை ஏறியதில் வெறுத்துப்போன லக்ஷ்மிநாராயணன், எம்.ஜி.யின் முன்பக்கத்தை அறுத்து டீசல் எஞ்சின் வைக்கச் சொல்லி முனுசாமியிடம் போயிருந்தார். "இதை அறுக்கறதுக்கு என் கழுத்தை அறுங்க சார்" என்று ஷெட்டே கேட்கும்படி முனுசாமி கத்தினான். சாவுக்கு இரண்டு நாள் முன்பு. அதைத்தான் போலீஸ் பிடித்துக்கொண்டது. லக்ஷ்மிநாராயணனின் மனைவி ராஜலக்ஷ்மி மட்டும் நம்பவில்லை. "அவனா? எங்காத்து வாசல்ல நின்னுண்டு காருக்குத் திருஷ்டிப் பொட்டு வச்சவன்னா அவன். அவருக்குத்தான் அது பெட்ரோல் குடிக்கற பிசாசு" என்று சொல்லிச் சாவியை ஆண்டாளிடம் கொடுத்திருந்தாள்.

"கடைசி வரியைக் கேளு" என்றார் சிவலிங்கம். "காரோட பின் சக்கரத்துக்கு அண்டையா ஒரு அரைச் செங்கல்."

"சரிவா இருக்கே. உருளாம இருக்க வச்சிருப்பான்."

"ஹேண்ட் பிரேக் எதுக்கு இருக்கு?"

ஆண்டாள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. "முனு கொலைக்கு முந்தின நாள்தான் ஹேண்ட் பிரேக்குக்குப் புதுசா லைனிங் போட்டான். மலை மேல விட்டாலும் நிக்கும்னு பீத்திக்கிட்டான். அவனா இருந்தா செங்கல் வைக்க மாட்டான் சார். இது தன்னோட வண்டியில ஹேண்ட் பிரேக் பிடிக்காத ஆளு. கைப்பழக்கத்துல வச்சிருக்கான்."

"வண்டியை எடு. எவன் செங்கல் வைக்கான்னு பாப்போம்."

"முனு கூடப் பத்து நிமிஷம் தனியா குசுகுசுன்னு பேசினீங்களே, என்ன சார்?"

"சைக்கிள் கம்பியைப் பத்தி. முறுக்கு எடுத்துக்கோ."

டயமண்ட் ஹார்பரில் ஆறு கடல் போல விரிந்து கிடந்தது. பழைய கோட்டைச் சுவருக்குக் கீழே கரை சரிந்து இறங்குகிறது. அங்கேதான் கார்களை நிறுத்துவார்கள். செத்தவருக்கு ஒரு நிமிஷம் மௌனமாக நிற்க வேண்டும் என்று ராஜலக்ஷ்மி பெயரில் சொல்லி அனுப்பியிருந்ததால் மூன்று பேரும் வருவதாக ஏற்பாடு. கரைமேல் பயணியர் விடுதி வராந்தாவில் சப்-இன்ஸ்பெக்டர் ஹால்தார் மஃப்டியில் உட்கார்ந்து இறால் கட்லெட் தின்றுகொண்டிருந்தார். சிவலிங்கத்தின் பழைய சிநேகிதர். முனுசாமியின் விரலை ஒடித்த ஸ்டேஷன்தான் இவருக்கும் வேலை என்றாலும், அந்தச் செயலில் இவருக்குப் பங்கு இல்லை. "ஆறு மணிவரை இருப்பேன். அதுக்கு மேல ஆதாரம் இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதலில் வந்தது கறுப்புக் கார். ஓட்டி வந்தவர் டிகுரூஸ், ரிப்பன் தெரு ஆங்கிலோ-இந்தியர், ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். கதவுக்குப் பிதுங்கும் உடம்பு. இறங்கியதும் பின்னால் போய், ஒரு அரைச் செங்கலை எடுத்துச் சக்கரத்துக்குக் கீழே உதைத்துத் தள்ளினார்.

ஆண்டாளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நல்ல செங்கல் அங்கிள். போன ஞாயித்துக்கிழமை ஆம்தலாவுல ஒண்ணு வச்சீங்களே, அதுக்கு ஜோடியா?"

"என்ன சொல்லுறே?" டிகுரூஸின் இந்தி கடகடவென்று வந்தது.

"மார்ச் மாசம் சண்டை போட்டு லக்ஷ்மிநாராயணன் சட்டையைக் கிழிச்சது நீங்கதானே?" என்று சாவதானமாக நடுவில் வந்தார் சிவலிங்கம்.

அவர் வாயை மூடுவதற்குள் டிகுரூஸின் முஷ்டி முகத்தில் இறங்கியது. மூக்கு உடையும் சத்தம் ஆண்டாளுக்குத் தெளிவாகக் கேட்டது. சிவலிங்கம் பின்னால் சாய்ந்து விழ, டிகுரூஸ் குனிந்து காலரைப் பிடித்து மறுபடி ஓங்கினார். ஆண்டாள் யோசிக்கவே இல்லை. செருப்புக் காலால் அவர் முட்டியின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு உதை. எருமை போலக் கத்திக்கொண்டு மனிதர் சேற்றில் மண்டியிட்டார். கையில் அகப்பட்ட முறுக்குப் பொட்டலத்தால் தலையில் ஒன்று போட்டாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

"பைத்தியமே" என்று பல்லைக் கடித்தார் டிகுரூஸ். "செங்கல் வச்சா கொலைகாரனா? அதோ வர்றானே, போய்ப் பாரு. எவன் வைக்கலை?"

மஞ்சள் கார் வந்து நின்றது. கிழவர் சென் இறங்கினார். அவர் மனைவி மடியில் வைத்திருந்த துணிப்பையைக் கொடுக்க, அதிலிருந்து ஒரு செங்கல் வெளியே வந்து சக்கரத்தடியில் உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் வெள்ளைக் கார். டாக்டர் கோஷால். அவரும் செங்கல் வைத்தார். அவருடைய செங்கலுக்கு வெள்ளைப் பெயின்ட் வேறு.

ஆண்டாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"செங்கல் செத்துப் போச்சு சார்" என்றாள்.

"ஆமா" என்றார் சிவலிங்கம், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. "ஒரு பல்லும் ஆடுது."

"போன ஞாயிறு எவன் எப்போ வந்தான்னு கேட்டா?"

"கேட்டாச்சு. மூணு பேரும் மூணு நேரத்துக்கு வந்திருக்கானுங்க. மூணு பேருக்கும் வழியில வண்டி மக்கர். இந்த வண்டிகளை வச்சுக்கிட்டு எவனுக்கும் எதையும் நிரூபிக்க முடியாது."

நாளைக் காலை முனுசாமியின் இடது கையை அந்த டிராயருக்குள் வைப்பார்கள்.

டாக்டர் கோஷால் தன் பையைத் திறந்து சிவலிங்கத்தின் மூக்கைத் துடைத்துப் பஞ்சு வைத்தார். பவானிப்பூரில் கண் டாக்டர். நாற்பது வயதிருக்கும். மெலிந்த விரல்கள், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். டிகுரூஸின் முட்டியையும் அவரே தடவிப் பார்த்து, "ஒடியலை, வீக்கம்தான்" என்றார். பிறகு எம்.ஜி.யின் அருகில் போகாமல், தூரத்தில் நின்றே பார்த்தார்.

"அது என் அப்பா வாங்கின வண்டி" என்றார் ஆண்டாளிடம், வங்காள மொழியில். "கப்பலிலிருந்து கிடர்பூரில் இறக்கினப்போ அப்பாவோட தோள்மேல உட்கார்ந்து பார்த்தேன். அவர் போனதும் அம்மா வித்துட்டாங்க. பதினோரு வருஷமா நான் அதைத் தொட்டதில்லை. லக்ஷ்மிநாராயணன் எத்தனையோ தடவை ஓட்டிப் பாருன்னு சொல்லியிருக்கார். தொட்டா விட மனசு வராது, அதனால தொடுறதில்லை."

அவர் கண் கலங்கியிருந்தது. ஆண்டாளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"முனுசாமி எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"வலது கையில ரெண்டு விரலை ஒடிச்சுட்டாங்க தாதா. நாளைக்கு இடது கை." தாதா என்றால் அங்கே அண்ணன்.

கோஷால் பையை மூடினார். ஒரு தடவை மூடியது சரியாகப் பொருந்தாமல் மறுபடி திறந்து மூடினார்.

மூன்றரை மணிக்கு வடமேற்கில் வானம் கறுத்தது. வங்காளத்தில் இந்த மாதங்களில் சாயங்காலத்துக்கு முன் ஒரு காற்று கிளம்பும். கால்பைசாகி என்பார்கள். ஐந்து நிமிஷத்தில் வெயிலைத் தின்றுவிட்டு மரத்தைப் பிடுங்கும். படகுக்காரர்கள் பாயை இறக்கினார்கள். சிவலிங்கம் வாட்ச்சைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டது ஆண்டாளுக்கு விசித்திரமாக இருந்தது.

"ஏ பிள்ள, போய்க் கூரையைப் போடு. அந்தம்மா காரு நனையுது."

முதல் சொட்டுகள் கூழாங்கல் போல விழுந்தன. சென் தம்பதி ஆளுக்கொரு பக்கம் கூரையை இழுத்துப் பூட்டிவிட்டு உள்ளே பதுங்கினார்கள். டிகுரூஸ் நொண்டிக்கொண்டே தன் வண்டியை மூடினார். ஆண்டாள் எம்.ஜி.யின் கூரையைத் தூக்கி முன்னால் இழுத்தாள். கண்ணாடிச் சட்டத்தோடு கூரையைப் பிணைக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொக்கி. வலது கொக்கி சட்டென்று மாட்டியது. இடது பக்கத்தில் கொக்கியையே காணோம். துணி மடிப்புக்குள் விரலை விட்டால் ஏதோ கம்பி தட்டுப்பட்டது. வெளியே தள்ளினாள், நழுவியது. காற்று கூரையை அப்படியே பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. மழை சாய்வாக வந்து இருக்கையில் அடித்தது.

"நகரு, நகரு" என்று டிகுரூஸ் வந்து அவளைத் தள்ளினார். முட்டியில் உதை வாங்கிய ஆள், உதைத்தவளுக்கே உதவ வருகிறார். கார் நனைகிறதே. கம்பியைப் பிடித்து வெளிப்புறமாக அழுத்தினார். வழுக்கியது. மறுபடி அழுத்தினார். கெட்ட வார்த்தையில் திட்டினார். "எந்த முட்டாள் வச்ச கொக்கி இது?"

"ஷொரோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். விலகு என்று அர்த்தம். மெலிந்த கை ஒன்று இருவருக்கும் நடுவில் நுழைந்தது. துணி மடிப்பைக் கீழே அமுக்கி, கம்பியைத் தன் பக்கம் அரைச் சுற்றுத் திருகி, சுண்டி இழுத்தது. க்ளிக். கூரை தோல் போல இறுகி நின்றது. அந்தக் கை அதோடு நிற்காமல் பக்கத்துப் பித்தான்களையும் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு பின்னால் போனது.

"தேங்க்ஸ் தாதா" என்றாள் ஆண்டாள், மூச்சிரைக்க.

அப்போதுதான் சிவலிங்கத்தைப் பார்த்தாள். குடையில்லாமல், மூக்கில் பஞ்சோடு, மழையில் தெப்பமாக நின்றுகொண்டிருந்தார்.

"பதினோரு வருஷமா தொடாத கை" என்றார் ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி. "எப்படி டாக்டர் அந்தக் கொக்கி உங்களுக்கு மட்டும் மாட்டுச்சு?"

கோஷாலின் கை கடைசிப் பித்தானில் நின்றது.

"பழைய கொக்கி உடைஞ்சு போச்சு. முனுசாமி ஒரு சைக்கிள் கம்பியை வளைச்சு இதைப் பண்ணினான். கொலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மாட்டினான். கழட்டணும்னா இழுத்தா போதும். மாட்டணும்னா உள்பக்கமாத் திருகணும். உலகத்துல எந்தக் கூரைக்கும் அப்படிக் கிடையாது. மாட்டத் தெரிஞ்சவங்க மூணே பேரு. முனுசாமி லாக்கப்புல இருக்கான். அவன் சொல்லிக் குடுத்த லக்ஷ்மிநாராயணன் செத்தாச்சு. ஞாயித்துக்கிழமை அவர் கூரையை மூடவே இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. மூணாவது ஆளு, முதல் சொட்டு விழுந்தப்போ திணறித் திணறித் தானாக் கத்துக்கிட்டவன்."

கோஷால் சட்டென்று பக்கத்துக் காரின் முன்னால் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கையில், தன் வெள்ளைக் காரை முடுக்கும் இரும்பு ஹேண்டில் இருந்தது.

முதல் வீச்சு டிகுரூஸின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்து அவர் சரிந்தார். இரண்டாவது சிவலிங்கத்தின் தலைக்கு வந்தது. அவர் கையை உயர்த்தித் தடுத்தார். முன்கை நடுவில் மடங்கக்கூடாத விதத்தில் மடங்கியது. அந்த அதிர்ந்து பேசாத மனிதரின் தொண்டையிலிருந்து ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு உறுமல் வந்தது. விழுந்து கிடந்த சிவலிங்கத்தின் விலாவில் இன்னொன்று. வராந்தாவிலிருந்து இறங்கி ஓடி வந்த ஹால்தார் சரிவில் வழுக்கி, சேற்றில் மல்லாந்து விழுந்தார். ஹேண்டில் மறுபடி மேலே போனது. இந்த முறை சிவலிங்கத்துக்குத் தடுக்கக் கை இல்லை.

இரும்பை எதிர்த்து ஆண்டாளிடம் ஒன்றுமில்லை. ஓடிப்போய் அவரைப் பிடித்து நிறுத்தவும் நேரமில்லை. எம்.ஜி.யின் கருவிப் பெட்டியைத் திறந்தாள். முனுசாமியின் ஷெட்டிலிருந்து எடுத்து வந்த இன்னொரு செம்புச் சுத்தியல் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து, எம்.ஜி.யின் முன் விளக்கில் ஓங்கி இறக்கினாள்.

கண்ணாடி நொறுங்கிய சத்தம் அந்தக் காற்றிலும் கேட்டது. கோஷால் அலறினார். தன்னையே யாரோ வெட்டியது போல ஒரு அலறல். ஹேண்டில் அந்தரத்தில் நின்றுவிட்டது.

"அடிக்காதே" என்றார். "அதை அடிக்காதே, தீதி." அவளை அக்கா என்று கெஞ்சினார்.

"இரும்பைக் கீழே போடு." ஆண்டாள் சுத்தியலை பானெட்டுக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். "என் தம்பி விரலை ஒடிச்சாங்க. தெரிஞ்சும் வாயைத் திறக்கலை நீ. இந்த வண்டியில எத்தனை எலும்பு இருக்குன்னு இப்போ எண்ணட்டுமா?"

ஹேண்டில் சேற்றில் விழுந்தது. கோஷால் முழங்காலிட்டு, உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். விரல்களில் ரத்தம் வந்தது. ஹால்தார் பின்னால் வந்து அவர் முதுகில் முட்டியை வைத்து அமுக்கினார். கோஷால் திமிறவே இல்லை.

"சூளைப் பக்கம் நிறுத்திப் பேசிக்கிட்டிருந்தோம்" என்றார், முகம் சேற்றில் புதைந்தபடியே. "அடுத்த வாரம் முன்பக்கத்தை ரம்பத்தால அறுக்கப் போறேன்னான். டீசல் எஞ்சின்னான். முனுசாமி மாட்டேன்னா வேற ஆள் இருக்கான்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"அதுக்காக ஒரு மனுஷனைக் கொல்லுவியா?" ஹால்தாருக்கே நம்ப முடியவில்லை.

"அப்புறம் மழை வந்துடுச்சு" என்றார் கோஷால், கேள்வி காதில் விழாதவர் போல. "தோல் சீட்டு. நனைஞ்சா வெடிச்சுப் போகும்."

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு முனுசாமியை விட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் எம்.ஜி. நின்றது. சிவலிங்கம் கட்டுப்போட்ட கையோடும் வீங்கிய மூக்கோடும் உள்ளே உட்கார்ந்து, ஒரு கையால் முறுக்கை எடுத்து, ஆடும் பல்லால் கடிக்க முடியாமல் சப்பிக்கொண்டிருந்தார்.

முனுசாமி படியிறங்கி வந்தான். அக்காவைப் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்தான். நேரே முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தான்.

"இதை எவன் ஒடைச்சான்?"

"நான்தான்" என்றாள் ஆண்டாள்.

"சுத்தியலாலயா?"

"உன் சுத்தியலால."

"இந்த விளக்கு கல்கத்தா பூரா தேடினாலும் கிடைக்காதுக்கா. என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே."

ஆண்டாளுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. வாயில் ஒரு கிண்டல் வந்தது. அதிசயமாக, அதை விழுங்கிவிட்டாள்.

முனுசாமி விளக்கின் வளையத்தைக் கழற்ற வலது கையைக் கொண்டுபோனான். விரல்கள் மடங்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை மடியில் வைத்துவிட்டு, இடது கையால் திருக ஆரம்பித்தான்.